மொய் நோட்டில் போர்வையையும் எழுதுங்கள்

பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை, வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் குரோஷே ஊசி பிடிக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



தை பிறந்துவிட்டால் நம் தோட்டங்களில் கல்யாணப் பேச்சுத்தான். பந்தலுக்கு யார், சமையலுக்கு யார், வாசிப்புக்கு யார் என்று பெரியவர்கள் கூடிப் பேசும்போது, உங்களில் சிலர் யாரிடமும் சொல்லாமல் நூல் வாங்கி வைத்திருப்பீர்கள். கூடப் படித்தவளுக்கு, ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவளுக்கு, அண்ணன் மகளுக்கு, கட்டுநாயக்க விடுதியில் பக்கத்துப் பாயில் படுத்தெழுந்த சிநேகிதிக்கு ஒரு போர்வை பின்னிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் வாங்கிய நூல் அது. தோட்டப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் படிப்பித்தவள் என்ற உரிமையில், அந்தப் போர்வையைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் போர்வையை மொய் நோட்டில் எழுத வையுங்கள். செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழுகிறதல்லவா, அந்தக் கணக்கில் உங்கள் போர்வை எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுத வையுங்கள்.

கல்யாண வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் ஒரு மேசை, அதில் ஒரு நோட்டு, எழுதத் தெரிந்த ஒரு பெரியவர். பெயர், டிவிசன், தொகை என்று மூன்றும் வரிசையாக ஏறும். அந்த நோட்டைப் பொண்ணு வீட்டார் பத்திரமாக வைத்திருப்பார்கள். மொய் வைத்தவர் வீட்டில் காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ வந்தால் அதைப் பிரித்துப் பார்த்து, வாங்கியதற்குக் குறையாமல் திருப்பிச் செய்வார்கள். நம் சனத்துக்கு வங்கி இல்லாத காலத்திலும் இருந்த வங்கி அது. ஒருவர் கஷ்டத்தில் இன்னொருவர் கைகொடுத்ததற்கு எழுத்துச் சாட்சியும் அதுதான்.

அந்த நோட்டில் காசு ஏறுகிறது. மின்விசிறி கொடுத்தால் மின்விசிறி என்றும், சில்வர் குடம் கொடுத்தால் குடம் என்றும் சில வீடுகளில் எழுதுகிறார்கள். கையால் பின்னிய போர்வை மட்டும் உறை போட்ட பைக்குள்ளேயே மேசைக்குப் பின்னால் போய்விடுகிறது. கொடுத்தவளே கூச்சத்தோடு, "சும்மா நானே பின்னினது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். தங்கச்சிமாரே, அந்தச் 'சும்மா'வை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம் மலைகளில் போர்வைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1820களிலிருந்து நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சமவெளிகளில் வெயிலில் வாழ்ந்தவர்கள் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறியபோது இந்தக் குளிர் அவர்கள் உடம்புக்குப் புதிது. தோட்டம் அவர்களுக்கு அரிசி கொடுத்தது, ஒரு முரட்டுக் கம்பளியும் கொடுத்தது. இரண்டின் விலையையும் கூலியில் பிடித்துக்கொண்டது. பிறகு தேயிலை வந்ததும், மழைக்காலத்தில் பெண்கள் அந்தக் கம்பளியைத் தலையிலிருந்து முதுகு மூடப் போட்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தார்கள். இரவில் ஈரம் காய்ந்தும் காயாமலும் அதுவே அவர்களுக்குப் போர்வை.

வழிச்செலவு, கங்காணியிடம் வாங்கிய முற்பணம், அரிசி, கம்பளி எல்லாம் சேர்ந்து கடனாயின. ஒரு குடும்பம் தோட்டம் மாறினால், துண்டு என்ற சீட்டோடு அந்தக் கடனும் கூடவே மாறியது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஆக, இந்த மலைக்கு வந்த நம் குடும்பங்கள் போர்த்திய முதல் கம்பளி, பற்றுக் கணக்கில் எழுதப்பட்ட கம்பளி. குளிருக்குப் போர்த்தியதற்கும் அவர்கள் கடன்பட்டார்கள்.

அந்தப் பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இன்று தங்கள் சம்பளத்தில் நூல் வாங்கி, தங்கள் கையால் ஒரு போர்வை பின்னி, இன்னொரு பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுக்கிறார்கள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எந்தத் துரையும் கொடுக்காத, எந்தக் கணக்கிலும் பிடிபடாத ஒரு போர்வை நம்மிடமிருந்தே நமக்கு வருகிறது. பற்றில் எழுதப்பட்ட கம்பளியைக் கணக்கேடுகள் மறக்காமல் எழுதிவைத்தன. அன்பளிப்பாக வரும் போர்வையை நம் நோட்டும் மறக்காமல் வரவில் எழுத வேண்டும்.

இனி வேலைக் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் அதிகம் பின்னுவது நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளரும் சதுரங்கள். பதினைந்து சென்ரிமீற்றர்ச் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பதினான்கு வைத்தால் 168 சதுரங்கள். ஆறடிக்கு ஏழடி வரும் போர்வை, இருவர் போர்த்தத் தாராளம். பழகிய கைக்கு ஒரு சதுரம் முடிய 25 நிமிடம் ஆகும். 168 சதுரங்களுக்கு 70 மணித்தியாலம். நூல் நுனிகளைச் செருகி, சதுரங்களைச் சேர்த்து, நாலு பக்கமும் கரை போட இன்னும் பத்து மணித்தியாலமாவது வேண்டும். மொத்தம் 80. எட்டு மணித்தியாலம் ஒரு பேர் என்றால் பத்துப் பேர். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கிலேயே 13,500 ரூபாய் உழைப்பு அந்தப் பைக்குள் இருக்கிறது. நூலின் விலை அதற்கு மேல்.

இந்த எண்பது மணித்தியாலம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். விடியுமுன் எழும்பித் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மலையில் நின்று, மாலை நிறுவை முடித்து வந்து, இரவுச் சோறும் ஆக்கிய பிறகு மிஞ்சிய நேரம் அது. விடுதியில் இருப்பவளுக்கு ஓவர்டைம் முடிந்து வந்து தூக்கத்தில் குறைத்துக்கொண்ட நேரம். ஓய்வு நேரம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

குரோஷே விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஸ்வெட்டரை இயந்திரம் பின்னும். துணியை இயந்திரம் நெய்யும். குரோஷே போலத் தோன்றும் துணியும் ஆலையிலிருந்து வரும். ஆனால் ஒற்றைக் கொக்கி ஊசியால் கண்ணிக்குள் கண்ணியாக எடுக்கும் மெய்யான குரோஷேயை இன்றுவரை கைதான் போடுகிறது. உலகத்தின் எந்தக் கடையில் அதைக் கண்டாலும் அதற்குப் பின்னால் ஒரு ஆளின் விரல்கள் இருக்கின்றன. நல்ல கொழுந்தும் அப்படித்தான், இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ள விரல் வேண்டும். கைவேலையின் அருமை உங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைக் கணக்கில் ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியர் மடங்களில் பெண்களுக்குக் குரோஷே கற்றுக் கொடுத்தார்கள். பின்னி விற்ற காசில் எத்தனையோ குடும்பங்கள் உயிர் பிழைத்தன. அங்கே அந்த வேலை கூலியாகக் கணக்கில் வந்தது. ஆந்திராவில் கோதாவரி ஆற்றுப் பக்கம் நரசாப்பூரில் நடந்தது வேறு. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அங்கே போன பின்னல் பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982இல் புத்தகமாக வெளியிட்டார். நாள் முழுக்கப் பின்னிய பெண்களை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிறவர்கள் என்றே வியாபாரிகள் சொன்னார்கள். அதனால் தொழிலாளி என்ற கணக்கில் அவர்கள் வரவில்லை, நியாயமான கூலியும் வரவில்லை. ஏற்றுமதி செய்தவர்கள் வளர்ந்தார்கள். நரசாப்பூர் குரோஷேக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் பதிவேட்டில் ஏற இத்தனை காலம் ஆனது.

நம் கதையும் அதற்குத் தூரம் இல்லை. 1984 வரை தோட்டத்தில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தைவிடக் குறைவு. சமசம்பளம் வந்த பிறகும், கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் செய்த ஆண்கள் மதியத்தோடு வீடு திரும்ப, அதே ஒரு பேருக்காகப் பெண்கள் மாலை வரை மலையில் நின்றார்கள். பெண்ணின் நேரம் எங்கே எழுதப்படாமல் போகிறதோ, அங்கே அது இலவசமாகிவிடும். செக்ரோலைத் திருத்துவதற்குச் சங்கம் வேண்டும், பேச்சுவார்த்தை வேண்டும், வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். மொய் நோட்டைத் திருத்த யாரையும் கேட்க வேண்டாம். அது நம்முடைய நோட்டு. அதில் பேனா பிடிப்பவர் நம்முடைய மாமா.

"அன்போடு கொடுப்பதற்கு விலை போடலாமா அக்கா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் விலை போடச் சொல்லவில்லை. உழைப்பைச் சொல்லச் சொல்கிறேன். மொய் என்பது விற்பனை இல்லை. ஐயாயிரம் வைத்தவர் அந்தக் கல்யாணத்தில் எதையும் வாங்கிவிடவில்லை. நான் உன் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார், அந்தச் சொல்லை நோட்டு காப்பாற்றுகிறது. போர்வையும் அதைத்தான் சொல்கிறது. அதை மட்டும் காப்பாற்றாமல் விட்டால், காசு வைத்தவரின் அன்பு நினைவில் நிற்கும், கை வைத்தவளின் அன்பு மறந்துபோகும். உங்கள் மகளுக்குக் கல்யாணம் வரும் நாளில் அந்த வீட்டார் நோட்டைப் பிரிப்பார்கள். அங்கே உங்கள் பெயர் இருக்க வேண்டும். பக்கத்தில், "கையால் பின்னிய போர்வை, பத்துப் பேர்" என்று இருக்க வேண்டும். அதைப் படிக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தான் என்ன திருப்பிச் செய்ய வேண்டும் என்பது விளங்கும். காசாகவே திருப்பித் தரட்டும், பந்தியில் பத்து நாள் வேலையாகத் தரட்டும், அல்லது அவளும் ஊசி எடுக்கட்டும். எதுவானாலும் அது அறிந்து செய்த பதில்.

எழுதச் சொல்கிறவள் என்றால் எழுதத் தகுந்த வேலையையும் கேட்க வேண்டும். அதனால் பின்னலைப் பற்றியும் சில வார்த்தைகள்.

முதலில் நூல். பதுளையிலும் பண்டாரவளையிலும் கடையில் 'ஊல்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். அதில் குறையில்லை. இலேசானது, நிறம் சீக்கிரம் மங்காது, ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஓரளவு சீக்கிரம் காயும். பருத்தி நூல் தொடுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் பெரிய போர்வையாகும்போது கனக்கும், நனைந்தால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் உயரத்தில் இருக்கும் பதுளை நகரத்துக்குப் பருத்தி போதும். 1,400 மீற்றருக்கு மேல் இருக்கும் அப்புத்தளையில் மாலை நாலு மணிக்கே பனிமூட்டம் வாசலுக்கு வந்துவிடும், அங்கே வாழப்போகிற பெண்ணுக்குக் கம்பளியோ அக்ரிலிக்கோதான் வேண்டும். அக்ரிலிக்கில் ஒரு ஆபத்து உண்டு. நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பும் படுக்கையும் அருகருகே இருக்கும் காம்பராக்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். கொடுக்கும்போதே பொண்ணிடம் சொல்லுங்கள்: அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகாதே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் விரிக்காதே.

இரண்டாவது நிறம். ஒரே சாயத் தொகுதியில் மொத்த நூலையும் வாங்குங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஒன்றரை முதல் இரண்டு கிலோ நூலை ஒரே தடவையில் வாங்க நம் சம்பளம் இடம் கொடுக்காது. பத்தாம் திகதிக்குப் பத்தாம் திகதி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடியும். மாதத்துக்கு மாதம் அதே சிவப்பு வேறு சிவப்பாக வரும். இதற்கு வழி இருக்கிறது. சதுரங்களின் உள்சுற்றுகளுக்கு மாதாமாதம் கிடைக்கும் நிறங்களைப் போடுங்கள், அங்கே வேறுபாடு அழகாகவே இருக்கும். எல்லாச் சதுரத்துக்கும் வரும் கடைசிச் சுற்றுக்கும், சேர்ப்பதற்கும், கரைக்கும் ஒரே நிறம் வேண்டும். அந்த நிறத்தை மட்டும் தீபாவளி முற்பணம் கைக்கு வரும்போது ஒரேயடியாக வாங்கி வையுங்கள். உறையில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கம் எல்லாக் கட்டிலும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். மஞ்சள், அரக்கு, பச்சை, கத்தரிப்பூ நிறம் எல்லாம் கல்யாண வீட்டுக்குப் பொருந்தும். கறுப்பும் தனி வெள்ளையும் சில வீடுகளில் பெரியவர்களுக்குச் சங்கடம் தரும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது கை. கொழுந்துப் பால் பட்டுக் கறுத்து வெடித்த விரல்களில் நூல் மாட்டும், பிரியும், வெளிர் நிறத்தில் கறையும் ஏறும். உட்காரும் முன் தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுக் கைகழுவுங்கள். படுக்கப்போகும்போது தேங்காய் எண்ணெய் தடவுங்கள், பின்னுவதற்கு முன் வேண்டாம். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள். காலையில் அதே கைதான் மலைக்குப் போக வேண்டும். பத்து மாதம் முன்னால் தொடங்கினால் நாளுக்கு ஒரு சதுரம்கூடத் தேவையில்லை, கிழமைக்கு நாலு போதும்.

நான்காவது முறை. வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையில் இருக்கும், யூடியூப் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்க முறையில் இருக்கும். பிரிட்டிஷ்காரர் டிரெபிள் என்று சொல்வதை அமெரிக்கர் டபுள் என்கிறார்கள். இரண்டையும் கலந்தால் சதுரங்கள் ஒரே அளவில் வராது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே போங்கள். ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் விரல் நீள நுனி விட்டு, தையல் ஊசியால் ஒரு பக்கம் செருகி, திருப்பி மறுபக்கமும் செருகுங்கள். முடிச்சை மட்டும் நம்பினால் இரண்டாவது துவைப்பில் சதுரம் வாய் திறக்கும். முடிந்ததும் ஒரு தடவை அலசி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பிக் காயவையுங்கள். ஈரத்தோடு தொங்கினால் அதன் கனமே அதை இழுத்து நீட்டிவிடும்.

தனியாக முடியாது என்று நினைப்பவர்கள் சேர்ந்து செய்யுங்கள். சதுரம் கைக்குள் அடங்கும், கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பையில் போகும், ரயிலிலும் போகும். மேட்டு லயத்தில் ஒருத்தி, பணிய லயத்தில் ஒருத்தி, கொழும்பில் ஒருத்தி என்று பிரித்துக்கொண்டு பின்னலாம். கொழும்பில் இருப்பவள் பொங்கலுக்கு வரும்போது தன் பங்கைக் கொண்டுவரட்டும். ஒரு கை இறுக்கமாகப் பின்னும், ஒரு கை தளர்வாகப் பின்னும். முதலில் எல்லாரும் ஆளுக்கொரு சதுரம் போட்டு அளந்து பாருங்கள். சின்னதாக வந்தவள் அரை மில்லிமீற்றர் பெரிய ஊசி எடுக்கட்டும், பெரியதாக வந்தவள் சின்ன ஊசி எடுக்கட்டும். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுப் பெண்கள் 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீற்றர் போர்வை ஒன்றை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். பல ஊர்களில் இருந்த பெண்கள் தனித்தனியாகப் பின்னியனுப்பிய துண்டுகள் சேர்ந்து வந்தது அது. பிறகு அவற்றைப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். நமக்குச் சாதனை வேண்டாம். ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 28 சதுரம், அவ்வளவுதான். நோட்டில் ஆறு பெயரும் ஏறட்டும்.

ஏன் போர்வை, வேறு ஏதாவது சின்னதாகக் கொடுக்கலாமே என்றும் சிலர் கேட்கலாம். மேசை விரிப்பும் கதவுத் தோரணமும் அழகுதான். ஆனால் நம் வாழ்க்கையைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் எல்லாரும் இருக்க, புதுப்பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்கென்று அவள் சிநேகிதி பின்னிய ஒரு போர்வை அங்கே அவளுடையது. பிள்ளை பிறந்தால் அதற்குள் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அதுவும் கூடப் போகும். இந்த மலைகளில் மண்ணும் நிற்பதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டம் எங்கும் மலைகள் சரிந்தன. உயிரோடு வெளியே வந்து பாடசாலைத் தரையில் படுத்தவர்களுக்குப் பாயும் போர்வையும் எவ்வளவு பெரியவை என்று நம் சனத்துக்கு நன்றாகத் தெரியும். போர்வை நமக்கு அலங்காரப் பொருள் இல்லை.

எல்லவுக்கு வரும் சுற்றுலாக்காரருக்கு இதைப் பின்னி விற்கலாமே என்று ஆலோசனை சொல்வோரும் இருக்கிறார்கள். விற்கலாம். நல்ல வருமானம் வரலாம். ஆனால் நரசாப்பூரை நினைத்துக்கொண்டு விற்க இறங்குங்கள். மணித்தியாலக் கணக்கை முதலில் நீங்களே எழுதி வைத்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். மொய் நோட்டில் பத்துப் பேர் என்று எழுதிப் பழகிய கைக்குக் கடைக்காரரிடமும் பத்துப் பேர் என்று சொல்லும் தைரியம் வரும். அந்தப் பழக்கம் முதலில் நம் வீட்டு விசேஷத்திலேயே தொடங்கட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மொய் மேசையில் உட்காரும் மாமாமார், சித்தப்பாமார் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். போர்வை கொண்டுவரும் பெண்ணை, "அப்படி ஓரமாக வை" என்று அனுப்பிவிடாதீர்கள். பெயரைக் கேளுங்கள், எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். கேட்டதை எழுதிவிட்டு, ஒலிபெருக்கியில் மொய் வாசிக்கும் வீடாக இருந்தால் அதையும் சேர்த்து வாசியுங்கள். பொண்ணு வீட்டு அம்மாமாரே, அந்தப் போர்வையைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். மடித்தே வைத்தால் யாருக்கும் உதவாது, போர்த்தினால் பல வருடம் உழைக்கும்.

தங்கச்சிமாரே, உங்களில் யாராவது இந்த வருடக் கல்யாணத்துக்குப் பின்னிக்கொண்டிருந்தால், இன்றைக்கே ஒரு கொப்பியில் திகதி போட்டு மணித்தியாலத்தை எழுதத் தொடங்குங்கள். போர்வை முடியும் நாளில் அதைக் கூட்டி, எட்டால் பிரித்து, எத்தனை பேர் என்று ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயரோடு எழுதிப் பைக்குள் வையுங்கள். மொய் மேசைக்குப் போனதும் அந்தத் தாளை நீட்டி, "மாமா, இதையும் எழுதுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் சொல்கிறவளுக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டாவது சொல்கிறவளுக்கு அது வழக்கமாகிவிட்டிருக்கும். மூன்றாவது கல்யாணத்தில் மாமாவே கேட்பார்.

கை சுகமாக இருக்கட்டும், நூல் சிக்காமல் வரட்டும். கட்டிக்கொள்கிறவர்களும் பின்னிக் கொடுக்கிறவர்களும் நல்லாயிருக்க வேண்டும்.

அன்புடன்,
பதுளையிலிருந்து உங்கள் அக்கா